பட்டத்து இளவரசருக்கு ஏன் இத்தனை பெயர்கள்? ஐரோப்பிய வாரிசுப் பட்டங்களின் பின்னணி

2022 செப்டம்பர் 8 பிற்பகல் இரண்டாம் எலிசபெத் இறந்தார். அந்தக் கணமே சார்லஸ் மன்னரானார். அவருடைய மூத்த மகன் வில்லியம் அந்தக் கணமே கார்ன்வால் டியூக் ஆனார். இதற்கு அறிவிப்பும் தேவைப்படவில்லை, கையெழுத்தும் தேவைப்படவில்லை. ஆனால் ‘வேல்ஸ் இளவரசர்’ என்ற பட்டம் மறுநாள் மாலை மன்னர் தம் தொலைக்காட்சி உரையில் சொன்ன பிறகுதான் வில்லியத்துக்கு வந்தது. இடைப்பட்ட ஒரு நாள் அவருடைய பெயர் ‘கார்ன்வால் மற்றும் கேம்பிரிட்ஜ் டியூக்’. வேல்ஸ் பட்டத்துக்கான முத்திரையிட்ட பத்திரம் 2023 பிப்ரவரி 13 தேதியிட்டது.

2023 அக்டோபர் 31 அன்று ஸ்பெயின் மன்னரின் மூத்த மகள் லெயொனோர் தம் 18ஆம் பிறந்தநாளில் நாடாளுமன்றத்தின் முன் அரசியலமைப்புக்கு உறுதிமொழி எடுத்தார். அவர் அஸ்தூரியாஸ் இளவரசி, அதுதான் அங்கே வாரிசுப் பட்டம். அப்படியிருந்தும், நாளைக்கே அவருக்கு ஒரு தம்பி பிறந்தால் அந்தப் பட்டம் கைமாறிவிடும் என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பு.

இரண்டு செய்திகளும் பலரைக் குழப்பின. வாரிசு என்பதும் வாரிசுப் பட்டம் என்பதும் ஒன்றே என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் குழப்பத்தின் வேர். அரியணை யாருக்கு என்பதை நாட்டின் வாரிசுரிமைச் சட்டம் முடிவு செய்கிறது. பட்டம் யாருக்கு என்பதை முடிவு செய்வது வேறொரு பத்திரம். பல சமயம் அது நில விற்பனைப் பத்திரம், அல்லது போரை முடித்த ஒப்பந்தம், அல்லது ஒரு சிறுவனுக்கு எழுதிக்கொடுத்த சொத்துப் பட்டயம். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் கழித்தும் செல்லுகிறது.

முதலில் இரண்டு சொற்கள்

1. உறுதி வாரிசு: இவரைத் தாண்டி முன்னால் வர இனி யாரும் பிறக்க முடியாது. மன்னருக்கு முன்பாக இவர் இறந்தால் ஒழிய, அரியணை இவருக்குத்தான். மன்னரின் மூத்த குழந்தை மகனாக இருந்தால் அவர் எங்கும் இந்த வகை.

2. உத்தேச வாரிசு: இன்றைய நிலையில் இவர்தான் அடுத்தவர், ஆனால் இன்னும் நெருங்கிய உரிமையுள்ள ஒரு குழந்தை பிறந்தால் பின்னுக்குப் போய்விடுவார். பிள்ளை இல்லாத மன்னரின் தம்பி, அல்லது ஆணுக்கு முன்னுரிமை உள்ள நாட்டில் மகன் இல்லாத மன்னரின் மூத்த மகள்.

இரண்டாம் எலிசபெத் 1936 முதல் 1952 வரை, தந்தை இறந்த நாள் வரைக்கும், உத்தேச வாரிசாகவே இருந்தார். தம்பி பிறக்கும் வாய்ப்பு நடைமுறையில் இல்லாமல் போயிருக்கலாம். சட்டம் அந்த வாய்ப்பை மூடவில்லை. பழைய பட்டங்களில் பெரும்பாலானவை உறுதி வாரிசுகளை மனத்தில் வைத்து, அதிலும் மகன்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பேரன், தம்பி, மகள் ஆகிய மூவரில் ஒருவர் வாரிசாக வரும்போதெல்லாம் பத்திரம் தடுமாறுகிறது. இந்தக் கட்டுரையில் வரும் சிக்கல் ஒவ்வொன்றும் இந்த மூவரில் ஒருவரைப் பற்றியதுதான்.

பட்டத்துக்கு முன்னால்: தந்தை இருக்கும்போதே முடிசூட்டு

வாரிசுக்கென்று தனிப் பட்டம் கொடுப்பது ஆதிகால வழக்கமல்ல. பிரான்சில் ஊக் கப்பே 987இல் மன்னரானதும், அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மகன் ரொபேருக்கும் முடிசூட்டினார். தாம் இறந்தபின் பிரபுக்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இந்த ஏற்பாடு 1179இல் இரண்டாம் பிலிப்புக்கு ரான்ஸ் நகரில் முடிசூட்டியதோடு நின்றது. அதற்குள் மகனே வாரிசு என்பது கேள்விக்கு அப்பாற்பட்ட வழக்கமாகிவிட்டது.

இங்கிலாந்து இதை ஒரு முறை முயன்று பார்த்தது. இரண்டாம் ஹென்றி 1170 ஜூன் 14 அன்று தம் மகன் ஹென்றிக்கு முடிசூட்டினார். மகனுக்குக் கிரீடம் கிடைத்தது. ஆளுவதற்கு நிலமோ செலவுக்குச் சொந்த வருமானமோ கிடைக்கவில்லை. 1173இல் அவர் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தார். 1183இல் தந்தைக்கு முன்பாகவே இறந்ததால் அவருக்கு மன்னர் வரிசை எண்கூட இல்லை. வரலாற்றில் ‘இளைய மன்னர்’ என்றே நிற்கிறார். கிரீடத்தைக் கொடுத்து நிலத்தை மறுப்பதைவிட, நிலத்தைக் கொடுத்துக் கிரீடத்தை நிறுத்திவைப்பது பாதுகாப்பானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பின்னால் வந்த வாரிசுப் பட்டங்கள் எல்லாம் இந்த இரண்டாம் வழியில் போனவை.

புனித ரோமப் பேரரசு மட்டும் பழைய வழியைக் கடைசிவரை விடவில்லை. அங்கே பேரரசரைத் தேர்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே பிறப்பால் வாரிசு என்று யாரும் இருக்க முடியாது. தந்தை உயிரோடு இருக்கும்போதே மகனை ‘ரோமானியர்களின் மன்னர்’ என்று தேர்ந்தெடுக்க வைப்பதுதான் வழி. 1764இல் இரண்டாம் யோசப் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வேல்ஸ்: தோற்றவரிடமிருந்து எடுத்த பட்டம்

‘வேல்ஸ் இளவரசர்’ என்பது இங்கிலாந்து உருவாக்கிய பட்டமல்ல. வேல்ஸின் சொந்த ஆட்சியாளர்கள் சூடியது. 1267 மாண்ட்கமரி ஒப்பந்தத்தில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியே லூவெலின் அப் கிரிஃபித்தை வேல்ஸ் இளவரசராக ஏற்றுக்கொண்டார். 1282 டிசம்பர் 11 அன்று லூவெலின் முதலாம் எட்வர்டின் படையிடம் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் போரைத் தொடர்ந்த தம்பி தாவித் அடுத்த ஆண்டு மரணதண்டனைக்கு உள்ளானார். அதன்பின்தான் பட்டம் இங்கிலாந்து அரசகுலத்திடம் போனது.

இங்கே பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ‘வேல்ஸில் பிறந்த, ஒரு வார்த்தைகூட ஆங்கிலம் பேசாத இளவரசரைத் தருகிறேன்’ என்று வாக்களித்த எட்வர்ட், கர்நார்வன் கோட்டையில் அப்போதுதான் பிறந்த தம் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினாராம். இது 16ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தென்படுகிறது. நிகழ்ந்திருக்க முடியாது என்பதற்குத் தேதிகளே போதும். குழந்தை கர்நார்வனில் பிறந்தது 1284 ஏப்ரல் 25. அப்போது அதன் அண்ணன் அல்ஃபோன்சோ உயிரோடு இருந்தான், அவனே வாரிசு. அவன் இறந்தது அந்த ஆகஸ்டில். குழந்தைக்கு வேல்ஸ் பட்டம் கொடுக்கப்பட்டது 1301 பிப்ரவரி 7. அப்போது வயது 16.

1301இல் கொடுத்தது வெறும் பெயரல்ல. வேல்ஸில் மன்னர் கையில் இருந்த நிலங்கள், அவற்றின் வருமானம், நிர்வாகம் எல்லாம் சேர்ந்து போயின. அந்த நிலை 16ஆம் நூற்றாண்டுவரைதான். எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தபின் பட்டத்தின் அடியிலிருந்து நிலம் நழுவியது. இன்று அதோடு ஆட்சியதிகாரம் எதுவும் வருவதில்லை.

இதன் சட்டத் தன்மையைக் கவனிக்க வேண்டும்:

1. இது தானாக வராது. மன்னர் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கித் தர வேண்டும்.

2. எப்போது தருவது என்பது மன்னர் விருப்பம். ஏழாம் எட்வர்டுக்குப் பிறந்து ஒரு மாதத்துக்குள், 1841 டிசம்பர் 8இல் கிடைத்தது. சார்லஸ் 1952இல் வாரிசானார். பட்டம் வந்தது 1958 ஜூலை 26. மூன்றாம் எட்வர்டுக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை; வேல்ஸ் இளவரசராக இல்லாமலே 1327இல் மன்னரானார்.

3. வைத்திருப்பவர் மன்னரானதும் பட்டம் கிரீடத்தில் கரைந்துவிடும். அடுத்தவருக்கு அதை மரபுரிமையாக விட்டுச்செல்ல முடியாது.

4. கர்நார்வனில் நடக்கும் பட்டமேற்பு விழா வெறும் சடங்கு. 1911இலும் 1969 ஜூலை 1 அன்றும் நடந்தது. சார்லஸ் அந்த விழாவுக்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி இளவரசர். வில்லியத்துக்கு விழாவே நடக்கவில்லை; அதனால் பட்டத்துக்குக் குறை எதுவும் இல்லை.

வேல்ஸ் மக்களில் ஒரு பகுதியினருக்கு இந்தப் பட்டம் இன்றும் உறுத்துவதை இந்த வரலாற்றோடு வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். 1400 செப்டம்பர் 16 அன்று ஓவைன் கிளிந்தூர் தம்மை வேல்ஸ் இளவரசர் என்று அறிவித்துப் பல ஆண்டுகள் போராடினார். அவர்களைப் பொறுத்தவரை வேல்ஸைச் சேர்ந்த கடைசி இளவரசர் அவரே. இந்தக் குறையை வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

கார்ன்வால்: ஆறு வயதுச் சிறுவனுக்கு எழுதிய பட்டயம்

பணம் இருப்பது இங்கேதான். 1336இல் கார்ன்வால் ஏர்ல் (அப்பகுதிப் பிரபு) வாரிசின்றி இறந்தார். மூன்றாம் எட்வர்ட் அந்தச் சொத்தைப் பெருக்கி, 1337 மார்ச் 17 அன்று தம் ஆறு வயது மகன் எட்வர்டின் பெயருக்கு எழுதினார். பின்னாளில் ‘கறுப்பு இளவரசர்’ என்று அறியப்பட்டவர் இவர்தான். இங்கிலாந்தில் டியூக் என்ற பட்டம் முதன்முதலில் இவருக்காகத்தான் உருவானது. பண்ணைகள், கோட்டைகள் ஆகியவற்றோடு, கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்கங்களில் எடுத்த உலோகத்தின் மீதான வரியும் சேர்ந்து வந்தது.

இன்று கார்ன்வால் டச்சி, அதாவது டியூக்கின் சொத்து, சுமார் 1,30,000 ஏக்கர். அதில் மிகப் பெரிய துண்டு டெவன் மாவட்டத்தின் டார்ட்மூர் மேட்டுநிலம்; கார்ன்வாலில் இருப்பது சிறு பகுதிதான். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு துண்டும் உண்டு: லண்டன் ஓவல் மைதானத்தின் நிலம் இந்த டச்சிக்குச் சொந்தம். டியூக் வருமானத்தை அனுபவிக்கலாம். மூலச் சொத்தை விற்று எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த டியூக்குக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டும்.

பட்டயத்தின் முடிச்சு ஒரே வரியில் இருக்கிறது. இந்தச் சொத்து ‘இங்கிலாந்து மன்னர்களின் மூத்த மகன்களாகவும் வாரிசுகளாகவும்’ இருப்பவர்களுக்கு என்கிறது அந்த வரி. இரண்டு நிபந்தனைகளும் ஒரே ஆளிடம் சேர வேண்டும்: மன்னரின் உயிரோடுள்ள மூத்த மகன், வாரிசும் அவரே. சேர்ந்தால் பட்டம் தானாக வரும், வில்லியத்துக்கு வந்ததுபோல. அண்ணன் ஆர்தர் 1502இல் இறந்தபின் பட்டம் தம்பி ஹென்றிக்கு வந்ததும் இதே கணக்கில்தான். அந்தத் தம்பிதான் பின்னாள் எட்டாம் ஹென்றி.

பேரன் வாரிசாக வந்தால் கணக்கு உடைகிறது. இரண்டாம் ஜார்ஜின் மகன் ஃபிரெடெரிக் 1751 மார்ச் 31 அன்று தந்தைக்கு முன்பாக இறந்தார். அவருடைய 12 வயது மகன் ஜார்ஜ் உறுதி வாரிசானார். என்னென்ன அவருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். எடின்பரோ டியூக் பட்டம் தந்தை வழிச் சொத்தாக உடனே வந்தது. வேல்ஸ் பட்டம் சில வாரம் கழித்து, தாத்தா புதிதாகக் கொடுத்ததால் வந்தது. கார்ன்வால் மட்டும் வரவில்லை: அவர் மன்னரின் பேரன், மகனல்ல. டச்சியும் அதன் வருமானமும் மன்னரிடமே திரும்பிப் போயின.

ஸ்காட்லாந்தில் இதற்கு இணையானது ராத்சே டியூக் பட்டம். 1398இல் மூன்றாம் ராபர்ட் தம் மகன் டேவிட்டுக்குக் கொடுத்தது. 1469இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை மன்னரின் முதல் மகனுக்கே என்று நிலைப்படுத்தியது. வில்லியம் எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போகும்போது வேல்ஸ் இளவரசர் என்று அழைக்கப்படுவதில்லை. அங்கே அவர் ராத்சே டியூக்.

பிரான்ஸ்: கடனில் மூழ்கியவர் விற்ற நாடு

பிரெஞ்சு வாரிசின் பட்டம் ‘தொஃபேன்’. பொருள் டால்பின், நம் கடலோரத்தில் ஓங்கில் என்பார்கள். ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் கடலே இல்லாத ஒரு பகுதிக்கு இந்தப் பெயர் வந்த வழி இது: 12ஆம் நூற்றாண்டில் அதை ஆண்ட நான்காம் கீக் என்ற பிரபுவின் அழைப்புப் பெயர் தொஃபேன். அவருடைய சந்ததியார் அதையே பட்டமாக்கினார்கள், கொடியில் டால்பினை வரைந்தார்கள், நாட்டுக்கும் தொஃபினே என்று பெயர் நிலைத்தது.

அந்த வரிசையில் கடைசி ஆட்சியாளர் இரண்டாம் உம்பேர். ஒரே மகனை இழந்தவர், கழுத்துவரை கடன். 1349 மார்ச்சில் 2,00,000 ஃப்ளோரின் பொன் நாணயங்களுக்கும் ஆயுள்கால உதவித்தொகைக்கும் நாட்டைப் பிரெஞ்சு அரசகுலத்துக்கு விற்றார்; ஜூலை 16 அன்று லியோன் நகரில் அதிகாரச் சின்னங்களைக் கையளித்தார்; பின் தொமினிக்கன் துறவியானார். வாங்கியவர் அப்போது 11 வயதுச் சிறுவன் ஷார்ல். மன்னர் ஆறாம் பிலிப்பின் மகனல்ல, பேரன்.

ஏன் நேரே மன்னரின் பெயருக்கு எழுதவில்லை? தொஃபினே, ரோன் ஆற்றுக்குக் கிழக்கே, சட்டப்படி புனித ரோமப் பேரரசுக்கு உட்பட்ட நிலம். பிரெஞ்சு மன்னர் அதைத் தம் நாட்டோடு நேரடியாக இணைத்தால் பேரரசரோடு மோதல் வரும். வாரிசின் தனிச்சொத்தாக வைத்தால் நாடு இணையவில்லை, ஆனால் குடும்பத்தை விட்டும் போகவில்லை. முதலில் ஓர் ஏற்பாடாக இருந்தது பிறகு மாறா வழக்கமானது. தொஃபினேயில் போய் உட்கார்ந்து உண்மையாக ஆண்ட கடைசி வாரிசு பதினோராம் லூயி. 1447 முதல் 1456 வரை கிரெனோபிளைத் தலைமையிடமாக வைத்து, தந்தையைக் கேளாமல், தனி அரசாகவே நடத்தினார். கடைசியில் தந்தையின் படை வருகிறது என்று தெரிந்து பர்கண்டிக்கு ஓடினார்.

இந்தப் பட்டம் தானாக நகரும், நேர்வழியில் கீழே மட்டும் நகரும். மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று எத்தனை படி வேண்டுமானாலும் இறங்கும். பதினான்காம் லூயியின் கடைசிக் காலம் இதற்குக் கொடுமையான எடுத்துக்காட்டு:

1. 1711 ஏப்ரல் 14: மகன் லூயி, 49 வயது, பெரியம்மையில் இறந்தார்.

2. பேரன் பர்கண்டி டியூக் தொஃபேன் ஆனார். 1712 பிப்ரவரி 18இல், மனைவி இறந்த ஆறாம் நாள், அதே தட்டம்மையில் இறந்தார். வயது 29.

3. அவருடைய ஐந்து வயது மகன் பிரித்தானி டியூக் தொஃபேன் ஆனான். மார்ச் 8 வரைதான்.

4. இரண்டு வயதுத் தம்பி அஞ்சூ டியூக் நான்காவது தொஃபேன். குழந்தையை மருத்துவர்களின் இரத்தம் எடுக்கும் சிகிச்சைக்குக் கொடுக்காமல் வளர்ப்புப் பொறுப்பில் இருந்த வாந்தாதூர் சீமாட்டி தடுத்தார். அவன்தான் பதினைந்தாம் லூயி.

பதினொரு மாதத்துக்குள் நான்கு பேர். ஒருமுறைகூட மன்னர் ஆணை எழுத வேண்டியிருக்கவில்லை. 1751இல் இங்கிலாந்தில் சில வாரம் பிடித்த வேலை இங்கே அதே நாளில் முடிந்தது.

ஆனால் தம்பிக்கு இந்தப் பட்டம் வராது. மன்னரின் தம்பி வாரிசாக இருந்தால் அவர் வெறும் ‘மொசியூ’. பதினெட்டாம் லூயிக்குப் பிள்ளைகள் இல்லாததால் 1814க்குப் பின் தம்பி அர்த்துவா கோமகன் அப்படியே அழைக்கப்பட்டார். 1824இல் அவர் பத்தாம் ஷார்ல் ஆனதும், அவர் மகன் அங்குலேம் டியூக் தொஃபேன் ஆனார். 1830 புரட்சியோடு வரிசை முடிந்தது, அவரே கடைசி.

ஸ்பெயின்: சமாதானத்தின் விலை

1369இல், இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதியான காஸ்தீல் நாட்டின் மன்னர் பேத்ரோவை, அவர் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரர் என்ரிக்கே கொன்று அரியணை ஏறினார். பேத்ரோவின் மகளை மணந்த இங்கிலாந்தின் ஜான் ஆஃப் கான்ட், மனைவி வழியில் காஸ்தீல் தமக்கே என்று உரிமை கோரி 1386இல் படையோடு வந்து இறங்கினார். போர் முடிவு எட்டாமல் இழுத்தது. 1388 பயோன் ஒப்பந்தத்தில் இரு பக்கமும் இறங்கிவந்தன: கான்ட்டின் மகள் கேதரீனை என்ரிக்கேயின் பேரன் மணப்பது, அந்தத் தம்பதிக்கு அஸ்தூரியாஸ் இளவரசர், இளவரசி என்ற பட்டம் தருவது, கான்ட் பெரும் தொகை வாங்கிக்கொண்டு உரிமையைக் கைவிடுவது.

கான்ட், கறுப்பு இளவரசரின் தம்பி. தம் மருமகனுக்கு வாரிசுரிமையை உறுதிப்படுத்த அவருக்குத் தெரிந்த அச்சு வேல்ஸ். ஆக, ஸ்பெயினின் பட்டம் இங்கிலாந்துப் பட்டத்தைப் பார்த்துச் செய்தது. அரகோன் அரசின் கிரோனா, நவார் அரசின் வியானா ஆகிய பட்டங்களும் பின்னால் இதோடு சேர்ந்தன. லெயொனோர் மூன்றையும் சுமக்கிறார். அவர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பெயரில் விருது வழங்குவது அதனால்தான்.

அந்தப் பட்டத்தின் அரசியல் எடை 1969இல் வெளிப்பட்டது. சர்வாதிகாரி ஃபிராங்கோ யுவான் கார்லோஸைத் தமக்குப்பின் மன்னராக அறிவித்தபோது அஸ்தூரியாஸ் பட்டத்தைக் கொடுக்கவில்லை. ‘ஸ்பெயின் இளவரசர்’ என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார். அஸ்தூரியாஸ் இளவரசர் என்றால் மன்னரின் மகன் என்று பொருள். அப்படி அழைத்தால், உயிரோடு இருந்த தந்தை தோன் யுவானே மன்னர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு பட்டத்தைத் தவிர்ப்பதும் சட்ட வாதம்தான் என்பதற்கு இது நல்ல பாடம்.

1978 அரசியலமைப்பின் 57ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. வாரிசு ‘பிறந்த நேரத்திலிருந்தோ, வாரிசாகும் நிகழ்விலிருந்தோ’ அஸ்தூரியாஸ் பட்டத்தைப் பெறுகிறார். அதாவது தானாக வரும், பெண்ணுக்கும் வரும். ஆனால் ஒரே படியில் உள்ளவர்களில் ஆணுக்கு முன்னுரிமை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் லெயொனோரின் நிலை விளங்கும். இது வெறும் ஏட்டுச் சாத்தியமல்ல: இரண்டாம் இசபெல்லின் மூத்த மகள் இசபெல் 1851 முதல் அஸ்தூரியாஸ் இளவரசி, 1857இல் தம்பி அல்ஃபோன்சோ பிறந்ததும் இழந்தார். 1874இல் தம்பி மன்னரானதும் மறுபடி அடைந்தார். தம்பிக்குக் குழந்தை பிறந்தபின் மறுபடி இழந்தார்.

1885 நவம்பரில் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ இறந்தபோது அரசி கருவுற்றிருந்தார். மூத்த மகள் மெர்சிடஸுக்கு ஐந்து வயது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாமல் யாரையும் மன்னராக அறிவிக்க முடியவில்லை. ஆறு மாதம் ஸ்பெயின் அரியணையில் யாரும் இல்லை. 1886 மே 17 அன்று பிறந்த ஆண்குழந்தை பிறந்த கணத்திலேயே மன்னர், பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ.

இந்த ஆண் முன்னுரிமையை ஏன் இன்னும் நீக்கவில்லை? கிரீடம் பற்றிய பகுதியைத் திருத்த 168ஆம் பிரிவின் கடினமான வழியில் போக வேண்டும்: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, உடனே நாடாளுமன்றக் கலைப்பு, தேர்தல், புதிய அவைகளில் மறுபடி மூன்றில் இரண்டு பங்கு, அதன்பின் மக்கள் வாக்கெடுப்பு. வாக்கெடுப்பு என்று வந்துவிட்டால் கேள்வி முடியாட்சி வேண்டுமா என்பதாக மாறிவிடும் என்ற தயக்கமும் இருக்கிறது.

மற்ற நாடுகள், சுருக்கமாக

நெதர்லாந்தின் ‘ஆரஞ்சு இளவரசர்’ பழத்தைக் குறிப்பதல்ல. ஒராஞ்ச் என்பது தெற்கு பிரான்சில் உள்ள ஓர் ஊர். 1544இல் அது நாசாவ் குடும்பத்து வில்லியத்துக்கு உறவினர் வழியே வந்தது; 1713 உத்ரெக்ட் ஒப்பந்தத்தில் நிலம் பிரான்சுக்குப் போனது, பெயர் மட்டும் தங்கியது. மகளுக்கும் இந்தப் பட்டம் உண்டு என்று 2002 சட்டம் சொன்னது. அதனால்தான் பெயாத்ரிக்ஸ் வாரிசாக இருந்தபோது இல்லாத பட்டம், பேத்தி அமாலியாவுக்கு 2013 ஏப்ரல் 30 அன்று வந்தது.

பெல்ஜியம் 1830இல் பிறந்த நாடு. 1840இல் ஓர் ஆணையால் பிராபாண்ட் டியூக் பட்டத்தை உண்டாக்கிக்கொண்டது. மொனாக்கோவில் 2014 டிசம்பர் 10 அன்று இரட்டையர் பிறந்தார்கள். காப்ரியெல்லா இரண்டு நிமிடம் மூத்தவர். ஆனால் போ பிரபு என்ற வாரிசுப் பட்டம் தம்பி ஜாக்குக்கு. நார்வே, ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் ‘பட்டத்து இளவரசர்’ என்ற நேரடிப் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பட்டம் ஒருவரிடம், உரிமை வேறொருவரிடம்: ரஷ்யா 1825

ரஷ்ய வாரிசின் பட்டம் ‘த்செசரேவிச்’. 1797இல் பேரரசர் பவெல் வாரிசுரிமைச் சட்டத்தோடு இதை ஒழுங்குபடுத்தினார். இரண்டே ஆண்டில் அவரே அதைக் குழப்பினார்: போரில் காட்டிய வீரத்துக்காக, வாரிசல்லாத இரண்டாம் மகன் கான்ஸ்தந்தினுக்கும் அதே பட்டத்தைக் கொடுத்தார்.

அண்ணன் அலெக்சாந்தர் மன்னரானபின் அவருக்கு ஆண் வாரிசு இல்லை, கான்ஸ்தந்தின் வாரிசானார். பிறகு உரிமையைத் துறந்தார். 1823இல் அலெக்சாந்தர் அதை ஏற்று, அடுத்த தம்பி நிக்கொலாயே வாரிசு என்று ஆணை எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டுப் பூட்டிவைத்தார். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. கான்ஸ்தந்தின் பட்டத்தைத் தொடர்ந்து வைத்திருந்தார். நாடு முழுவதும் த்செசரேவிச் என்றால் அடுத்த மன்னர் என்றுதான் புரிந்துகொண்டது.

1825 நவம்பரில் அலெக்சாந்தர் தகன்ரோக் நகரில் இறந்தார். தலைநகரில் நிக்கொலாயே முன்னின்று கான்ஸ்தந்தினுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தார். நாணயச்சாலை கான்ஸ்தந்தினின் முகத்தோடு மாதிரி ரூபிள்களை அடித்தது. வார்சாவில் இருந்த அவரோ வர மறுத்தார். பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி டிசம்பர் 14 அன்று நிக்கொலாய்க்கு மறு உறுதிமொழி கேட்டபோது, சீர்திருத்தம் விரும்பிய அதிகாரிகள் அந்தக் குழப்பத்தையே பிடித்துக்கொண்டு சுமார் 3,000 வீரர்களைச் செனட் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். பீரங்கிச் சூட்டில் எழுச்சி முடிந்தது. ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கிளர்ச்சியின் காரணங்கள் ஆழமானவை, ஆனால் அதற்கான நாளைத் தந்தது ஒரு பட்டத்தின் குழப்பம்.

மகள்: பத்திரம் எழுதியவர்கள் எண்ணிப்பாராதவர்

1944 ஏப்ரலில் எலிசபெத்துக்கு 18 வயது நிறையவிருந்தது. அவரை வேல்ஸ் இளவரசி ஆக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஆறாம் ஜார்ஜ் ஒப்பவில்லை. அது வேல்ஸ் இளவரசரின் மனைவிக்குரிய பட்டம் என்பது அவர் வாதம். உத்தேச வாரிசுக்குக் கொடுத்துவிட்டு, தம்பி பிறந்தால் என்ன செய்வது என்ற சிக்கலும் இருந்தது. டென்மார்க்கில் மார்கரெத்தே 1953இல் சட்டம் மாறி வாரிசானார். அவருக்கும் பட்டத்து இளவரசி என்ற பெயர் கிடைக்கவில்லை, ‘அரியணை வாரிசு’ என்ற சொல்லோடு 1972இல் அரசியானார்.

மூத்த குழந்தையே வாரிசு, ஆணோ பெண்ணோ, என்ற விதியை முதலில் கொண்டுவந்தது ஸ்வீடன். அது அமலுக்கு வந்தது 1980 ஜனவரி 1. அதற்கு ஏழு மாதம் முன்பு, 1979 மே 13 அன்று கார்ல் பிலிப் பட்டத்து இளவரசராகவே பிறந்திருந்தார். சட்டம் பின்னோக்கியும் செல்லும் என்று எழுதப்பட்டதால், தொட்டிலில் இருந்தவரிடமிருந்து பட்டம் இரண்டு வயது அக்கா விக்டோரியாவுக்குப் போனது. நார்வே 1990இல் அப்படிச் செய்யவில்லை: விதி இனிப் பிறப்பவர்களுக்கே என்றது. ஆகவே அக்கா மார்த்தா லூயிஸை விட்டுத் தம்பி ஹோகோன் வாரிசாகத் தொடர்கிறார். நெதர்லாந்து 1983, பெல்ஜியம் 1991, டென்மார்க் 2009, லக்சம்பர்க் 2011 என்று மற்றவை தொடர்ந்தன.

பிரிட்டனின் 2013 வாரிசுரிமைச் சட்டம் 2015 மார்ச் 26 அன்று அமலுக்கு வந்தது. 2011 அக்டோபர் 28க்குப் பின் பிறந்தவர்களுக்குச் செல்லும். அதனால்தான் 2018இல் தம்பி லூயி பிறந்தபோது வில்லியத்தின் மகள் சார்லட் தம் இடத்தை இழக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் அரியணையை மட்டும் திருத்தியது. 1337 பட்டயத்தைத் தொடவில்லை.

வில்லியம் மன்னரானால் அவருடைய மூத்த மகன் ஜார்ஜ் அந்தக் கணமே கார்ன்வால் டியூக். வேல்ஸ் வில்லியம் கொடுக்கும்போது. பிறகு ஜார்ஜ் மன்னராகி, அவருடைய மூத்த குழந்தை பெண்ணாக இருந்தால் நடக்கக்கூடியது இது:

1. அரியணை: அவர் உறுதி வாரிசு. தம்பி பிறந்தாலும் மாறாது.

2. வேல்ஸ்: மன்னரின் விருப்பத்தைப் பொறுத்தது. அவருக்கே உரிய பட்டமாகக் கொடுப்பதற்குத் தடையில்லை. ஒரு முத்திரையிட்ட பத்திரம் போதும். 1944இன் தயக்கத்துக்கு இருந்த முக்கியக் காரணமும் இப்போது இல்லை.

3. கார்ன்வால் வருமானம்: 2011ஆம் ஆண்டின் அரசுமானியச் சட்டம் ஏற்கெனவே இதைக் கவனித்துவிட்டது. வாரிசு டியூக்காக இல்லாவிட்டாலும் டச்சி வருமானத்துக்கு ஈடான தொகை அவருக்குப் போகும்.

4. கார்ன்வால் பட்டம்: அவருக்கு வராது, ‘மூத்த மகன்’ என்றே பட்டயம் சொல்கிறது. அவருக்குத் தம்பி இருந்தாலும் அந்தத் தம்பிக்கும் வராது. அவர் மூத்த மகன், ஆனால் வாரிசல்ல. பட்டம் மன்னரிடமே நிற்கும். மன்னர் ஓர் ஆணையால் இதை மாற்றவும் முடியாது: அந்தப் பட்டயம் நாடாளுமன்றச் சட்டத்துக்கு நிகரானது என்று 1606லேயே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்ற வேண்டும்.